கழிவு அசிட்டோன்: நாமே வடிப்பதா, வண்டியில் ஏற்றுவதா?

எங்கள் கரிம வேதியியல் லேபில் வெளியேறும் கழிவுக் கரைப்பானில் பெரும்பங்கு வினைகளிலிருந்து வருவதல்ல, பாத்திரம் கழுவுவதிலிருந்து வருவது. ஆறு ஸ்காலர்கள் ஆளுக்கு ஒரு வாஷ் பாட்டிலோடு நின்றால் அசிட்டோன் எங்கே போகிறது என்றே தெரியாது. அடுத்த இடம் பொருள்களைப் பிரிக்கச் சிலிக்கா நிரப்பிய குழாயில் (column) ஓட்டிய ஹெக்சேன்-எத்தில் அசிட்டேட் கலவைக்கு. இரண்டு வருடம் முன்பு வரை எல்லாவற்றையும் கேனில் சேர்த்து, கழிவு எடுக்க வருபவர்களிடம் கொடுத்துக்கொண்டிருந்தோம். இப்போது கழுவிய அசிட்டோனை மட்டும் வாரம் ஒருநாள் நாங்களே காய்ச்சி வடிக்கிறோம். இரண்டையும் செய்து பார்த்ததால் எழுதுகிறேன். என் சாய்வு வடிப்பதன் பக்கம்தான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சிங்கில் ஊற்றுவதையும், ஹூட்டுக்குள் (ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் பெட்டிக்குள்) திறந்து வைத்து 'தானே போய்விடும்' என்று விடுவதையும் நான் வழிகளாக எண்ணவில்லை. இரண்டும் நடக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். சரி, விடுங்கள்.

கொடுத்துவிடும் வழி காகிதத்தில் எளிது. 2016-ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகள்படி கேனில் லேபிள் ஒட்ட வேண்டும், பதிவேடு வைக்க வேண்டும், பொதுவாக 90 நாளுக்கு மேல் தேக்கி வைக்கக் கூடாது, வண்டி ஏறும்போது கழிவு யாரிடமிருந்து யாருக்குப் போகிறது என்று காட்டும் படிவம் 10 கூடவே போக வேண்டும். சென்னைப் பக்கம் என்றால் கும்மிடிப்பூண்டியில் இதற்கான பொது நிலையம் இருக்கிறது. குளோரோஃபார்ம், டைகுளோரோமீத்தேன், கன உலோகம் கலந்தவை, லேபிள் கிழிந்து என்னவென்றே தெரியாத பழைய பாட்டில்கள் இவற்றுக்கெல்லாம் இதை விட்டால் வேறு வழி கிடையாது.

சிக்கல் அளவில் இருக்கிறது. எங்களைப் போன்ற சிறிய லேபில் மாதம் இரண்டு மூன்று கேன்தான் சேரும். அதற்காக ஒரு வண்டி வராது. மற்ற துறைகளோடு சேர்த்து அனுப்பலாம் என்று காத்திருந்தால் 90 நாள் ஓடிவிடும். அதற்குள் கோடை வந்துவிடும், ஸ்டோர் ரூமில் நிற்பதோ பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரியிலேயே தீப்பற்றக்கூடிய ஆவியை விடும் திரவம். பணமும் இரண்டு முறை போகிறது. வாங்க ஒருமுறை, எரிக்க ஒருமுறை. எரிக்கக் கொடுப்பதைக் கிலோ கணக்கில்தான் நிறுப்பார்கள், ஒரு லிட்டர் அசிட்டோன் 790 கிராம் நிற்கும். பாத்திரத்தைத் தொட்டுவிட்டு வந்த, முக்கால்வாசி நல்ல அசிட்டோனை எரிக்கக் காசு கொடுக்கிறோமே என்பதுதான் என்னை உறுத்தியது.

வடிப்பதற்குப் புதிதாக எதுவும் வாங்கவில்லை. ஐந்து லிட்டர் குடுவை, அதைச் சூடாக்கத் தண்ணீர்த் தொட்டி, ஆவியைக் குளிர்வித்துத் திரவமாக்கும் நீளமான கண்டென்சர், வெப்பமானி, கொதி துள்ளாமலிருக்க உடைந்த பீங்கான் சில்லுகள். எல்லாம் ஹூட்டுக்குள். அசிட்டோன் 56 டிகிரியில் கொதிக்கும், தண்ணீர்த் தொட்டியே போதும். பக்கத்தில் திறந்த சுடர் எதுவும் இருக்கக் கூடாது. அசிட்டோன் ஆவி காற்றைவிட இரண்டு மடங்கு கனம், மேசையோடு மேசையாக நகர்ந்து அடுத்த பெஞ்சுக்கே போய்விடும். அடுப்பில் பால் வைத்தவர்போல ஒருவர் பக்கத்திலேயே நிற்க வேண்டும், குடுவையை வறள விடவும் கூடாது.

எங்களைத் திணறடித்தது தண்ணீர்தான். மே மாதத்தில் மேல்தொட்டித் தண்ணீர் கையில் பட்டாலே சுடும். அதைக் கண்டென்சரில் விட்டால் ஆவி பாதி ஹூட் வழியாக வானத்துக்குப் போகிறது. குளிர்விப்பான் வாங்கப் பணமில்லை. ஏர்கூலர் பம்பு ஒன்றை ஐஸ் போட்ட வாளியில் இறக்கி, அந்தத் தண்ணீரையே சுற்றவிட்டோம். அதற்கப்புறம் ஐந்து லிட்டருக்கு மூன்றரை, சில வாரம் நான்கு லிட்டர் திரும்பி வருகிறது. கொஞ்சம் தண்ணீர் கலந்திருந்தாலும் பாத்திரம் கழுவ அது ஒரு குறையில்லை. வினைக்கு இதைப் பயன்படுத்துவதில்லை. என்எம்ஆர் (மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் கருவி) குழாய்க்குக் கடைசிக் கழுவல் எப்போதும் புது பாட்டிலிலிருந்துதான்.

இதுவரை சொன்னதெல்லாம் எளிய பகுதி. வடிப்பது உங்கள் லேபுக்குச் சரிவருமா என்பதைத் தீர்மானிப்பது குடுவையோ கண்டென்சரோ அல்ல, சிங்க் பக்கத்தில் நிற்கும் அந்தக் கேன். அதற்குள் அசிட்டோன் மட்டும் விழுகிறதா என்பதுதான் கேள்வி.

நாலாவது மாதம் என்று நினைக்கிறேன். வடித்துக்கொண்டிருக்கும்போது 56-லேயே நின்ற வெப்பமானி மெல்ல ஏறி 60-ஐத் தாண்டியது. தண்ணீர் அதிகமோ என்று நினைத்தேன். அப்போது விழுந்த வடிநீரில் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டேன். அசிட்டோனாக இருந்தால் சுவடில்லாமல் கலந்திருக்கும். இது கலங்கி, முத்துப்போல அடியில் போய் உட்கார்ந்தது. குளோரோஃபார்ம். யாரோ கை தவறி ஊற்றியிருக்கிறார்கள். அசிட்டோனும் குளோரோஃபார்மும் சேர்ந்தால் இரண்டின் கொதிநிலைக்கும் மேலே, 64 டிகிரிக்குச் சற்று அதிகமாக, ஒன்றாகவே வடியும். பிரிக்க முடியாது. மீட்டது, மீதி எல்லாமே குளோரின் போன்ற ஹாலஜன் கலந்த கழிவுக்கான கேனுக்குப் போயிற்று. ஹாலஜன் கலந்தது எரியும்போது ஹைட்ரஜன் குளோரைடு வரும் என்பதால்தான் அதற்குத் தனிக் கேன்.

அன்று போனது ஐந்து லிட்டர் மட்டும்தான். ஆனால் எங்கள் சிங்க் அடியில் பாத்திரம் ஊறவைக்கும் காரத் தொட்டி இருக்கிறது, பொட்டாசியம் ஹைட்ராக்சைடும் ஐசோபுரொப்பனாலும். அசிட்டோன், குளோரோஃபார்ம், காரம் மூன்றும் சேர்ந்தால் கடும் வெப்பத்தோடு வினை நடக்கும், மூடிய கேன் வெடிக்கவும் வாய்ப்பு உண்டு. காரத்திலிருந்து எடுத்த பாத்திரத்தைச் சரியாக அலசாமல் யாராவது அசிட்டோன் ஊற்றியிருந்தால்? அன்று இரவு அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். நைட்ரிக் அமிலமும் ஹைட்ரஜன் பெராக்சைடும் அந்தக் கேன் பக்கமே வரக் கூடாதவை.

அதற்குப் பிறகு செய்தவை சின்னச் சின்ன விஷயங்கள். கேனுக்கு மூடியுள்ள புனல். தமிழில் பெரிய எழுத்தில் 'கழுவிய அசிட்டோன் மட்டும்'. என்எம்ஆர் மாதிரிகளைப் பெரும்பாலும் குளோரோஃபார்மில்தான் கரைப்பார்கள், அவற்றுக்கு வேறு மேசையில் வேறு பாட்டில். வடிக்கும் முன் கேனிலிருந்து ஒரு சொட்டு எடுத்துத் தண்ணீரில் விட்டுப் பார்ப்பது. சிறிதளவு குளோரோஃபார்ம் என்றால் இதில் தப்பிவிடும், ஆகவே வெப்பமானியிலிருந்து கண்ணை எடுப்பதில்லை. ஒவ்வொரு சேர்க்கைப் பருவத்திலும் இந்தப் பழக்கம் தளர்கிறது. புதிதாக வருகிறவருக்குக் கேன் என்றால் கேன்தான். அவரை மூத்த ஸ்காலரோடு ஒரு வாரம் நிற்க வைக்கிறோம், எரிச்சலோடுதான் நிற்கிறார்கள். மூன்று மாதத் திட்டப்பணி மாணவர்கள் வந்து வந்து போகும் லேபாக இருந்தால் நான் வடிக்கச் சொல்ல மாட்டேன். அங்கே எல்லாவற்றையும் கொடுத்துவிடுவதே நல்லது.

வடிப்பதால் வண்டிக்கு வேலை இல்லாமலும் போகாது. குடுவையின் அடியில் தங்கும் கறுப்பு எச்சமும் விதிகளின் பட்டியலில் இருக்கிறது: வரிசை 20.3, வடிப்பு எச்சம். அதுவும் கேனில்தான் போக வேண்டும், ஆனால் ஐந்து லிட்டர் ஒரு லிட்டராகச் சுருங்கிவிடுகிறது. கழிவை உண்டாக்க, தேக்க மட்டுமல்ல, மீட்டுப் பயன்படுத்தவும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அங்கீகாரம் தேவை. தொடங்கும் முன் உங்கள் நிறுவனத்தின் அங்கீகாரத்தில் அது இருக்கிறதா என்று பாருங்கள்.

ஹெக்சேன்-எத்தில் அசிட்டேட்டைப் பற்றி அவ்வளவு உறுதியாகப் பேச எனக்கு அனுபவம் போதாது. இரண்டும் ஒட்டிக்கொண்டே வடியும், எந்த விகிதம் வருகிறது என்பது வாரத்துக்கு வாரம் மாறுகிறது. இரண்டு முறை வடித்து, பழைய சிலிக்காவை அலச மட்டும் பயன்படுத்தினோம். அதற்காக ஒருவர் அரைநாள் நிற்க வேண்டுமா என்று தோன்றியது. டைகுளோரோமீத்தேனைத் தொடவே இல்லை. 40 டிகிரியில் கொதிப்பதை நம்ம ஊர் வெயிலில் வாளி ஐஸை நம்பிப் பிடிக்க எனக்குத் துணிவில்லை. ஈதர், டெட்ராஹைட்ரோஃபியூரான் இரண்டும் வைத்திருக்க வைத்திருக்கப் பெராக்சைடு சேர்க்கும், கடைசித் துளி வரை காய்ச்சினால் வெடிக்கும். அவை அப்படியே வண்டிக்குத்தான்.

இப்போது ஸ்டோர் ரூமில் நான்கு ஹெக்சேன் கேன்கள் நிற்கின்றன. 90 நாள் முடிய இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. பக்கத்துத் துறையில் கேட்டிருக்கிறேன், அவர்களிடம் இரண்டு கேன் இருக்கிறதாம்.