எடைமேடைப் பெட்டியில் சிக்செக்வி: ஆறு வருடம் ஓட்டிப் பார்த்த அனுபவம்

மன்னார்குடிக்கும் நீடாமங்கலத்துக்கும் நடுவில் இருக்கும் ஓர் அரிசி ஆலையின் எடைமேடை அறையில், 2019 குறுவை அறுவடை முதல் என் நிரல் ஓடுகிறது. நெல் வண்டியின் மொத்த எடை, இறக்கிய பின் வெறும் வண்டி எடை, ஈரப்பதம், மூட்டை எண்ணிக்கை, விலை எல்லாம் அதில் பதிவாகும். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தபோது எங்கள் ஊர்களெல்லாம் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. கரண்ட் திரும்பிய பிறகும் வருவதும் போவதுமாக இருந்ததில் ஆலையின் பழைய கணினியில் இருந்த கணக்குக் கோப்பு கெட்டுப்போனது. எப்போது கரண்ட் போனாலும் கணக்கு அழியாமல் இருக்க வேண்டும் என்பதுதான் முதலாளி வைத்த ஒரே நிபந்தனை.

பெட்டி, ராஸ்பெர்ரி பை 4 என்ற சின்னக் கணினி. பதிவுகள் 8 எம்பி அளவுள்ள அட்டவணையாக, கரண்ட் போனால் அழிந்துவிடும் மெமரியில் இருக்கின்றன, அதனால் மெமரி கார்டில் எழுதிவைக்க வேண்டும். 10 நொடிக்கு ஒருமுறை முழு அட்டவணையையும் எழுதினால் மெமரி கார்டு சீக்கிரம் தேய்ந்துவிடும். மாறிய பகுதியை மட்டும் எழுதலாம், ஆனால் எது மாறியது என்று தெரிய வேண்டுமே? பழைய நிரலில் 40 இடங்களுக்கு மேல் அட்டவணையில் கைவைக்கின்றன. ஒவ்வோர் இடத்திலும் போய்க் குறித்துவைக்கும் வரியைச் சேர்த்தால் ஒன்றிரண்டு கண்டிப்பாக விட்டுப்போகும். அதனால் அந்த வேலையை, லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலிடம் விட்டேன்.

அட்டவணை முழுவதையும் எம்ப்ரொடெக்ட் என்ற கெர்னல் அழைப்பின் மூலம் படிக்க மட்டும் என்று பூட்டிவிடுவேன். யாராவது எழுதப் போனால் பிராசசர் தடுக்கும், கெர்னல் விசாரிக்கும், அனுமதி இல்லை என்று கண்டு, வழக்கமாக நிரலையே கொன்றுவிடும் சிக்செக்வி (SIGSEGV) சிக்னலை அனுப்பும். எந்த முகவரியில் தடுக்கப்பட்டது என்பது சிக்னலுடனேயே வரும். சிக்னல் வந்ததும் ஓடும் என் நிரல் பகுதியான ஹேண்ட்லர், அந்த ஒரு பேஜை (கெர்னல் மெமரியைப் பிரித்து வைத்திருக்கும் சம அளவுத் துண்டுகளில் ஒன்றை) மட்டும் திறந்துவிட்டு, அது மாறியது என்று கொடி போட்டுத் திரும்பும். ஹேண்ட்லர் திரும்பியதும் கெர்னல் பழைய ரெஜிஸ்டர்களை (பிராசசரின் உள் நினைவிடங்களை) அப்படியே மீட்டு வைப்பதால், தடுக்கப்பட்ட அதே கட்டளை மறுபடி ஓடும். இந்த முறை எழுத்து நடக்கும். பழைய நிரலுக்கு இடையில் நடந்த எதுவும் தெரியாது. இந்த ஏற்பாட்டின் அழகு எனக்கு இன்றைக்கும் சலிக்கவில்லை.

முதல் வாரமே ஒன்று கற்றுக்கொண்டேன். எடை காட்டும் கருவியிலிருந்து சீரியல் போர்ட் வழியாக வருவதை ரீட் என்ற கெர்னல் அழைப்பு நேராக அட்டவணைக்குள் போடும்படி எழுதியிருந்தேன். பூட்டிய பேஜாக இருந்தால் ஹேண்ட்லருக்குச் சிக்னல் வரவே இல்லை. ரீட் மட்டும் ‘ஈஃபால்ட்’ (முகவரி சரியில்லை) என்ற பிழையோடு திரும்பியது. யோசித்தால் நியாயம்தான். அங்கே எழுத முயன்றது என் நிரல் இல்லை, கெர்னல். ரீட் போன்ற கெர்னல் அழைப்புக்குள், அதாவது சிஸ்டம் காலுக்குள், கெர்னல் தானே தடுக்கி நின்றால் நம் ஹேண்ட்லரைக் கூப்பிடாது, பிழை எண்ணைக் கையில் கொடுத்து அனுப்பிவிடும். தனியாக ஒரு சின்ன பஃபரில் (தற்காலிக இடத்தில்) வாங்கி, பிறகு நம் நிரலே அட்டவணைக்கு நகலெடுத்தால் போதும். இதே முறையை யார் செய்யப் போவதாகச் சொன்னாலும் இதைத்தான் முதலில் சொல்கிறேன்.

அடுத்தது என் தவறு. அதைப் பிடிக்க ஒரு சம்பா அறுவடை முழுக்கப் போனது. ஒரு நாள் கரண்ட் போய் வந்த பிறகு 11 வண்டிகளின் எடையைக் காணோம். அன்று காலை திரையில் எல்லாம் சரியாக இருந்தது, ரசீதும் போயிருந்தது. சேமிக்கும் த்ரெட் (நிரலுக்குள் இணையாக ஓடும் ஒரு கிளை) பேஜைப் பூட்டி, கார்டில் எழுதி, கடைசியாகக் கொடியை இறக்கும்படி வைத்திருந்தேன். எழுதிக்கொண்டிருக்கும் நேரத்தில் ஒரு வண்டி ஏறினால் ஹேண்ட்லர் பேஜைத் திறந்து கொடி போடும். சேமிக்கும் த்ரெட் வந்து அந்தப் புதுக் கொடியையும் சேர்த்து இறக்கிவிடும். அப்புறம் பேஜ் திறந்தே கிடக்கும், கொடி இருக்காது. அதன் பிறகு அந்தப் பேஜில் என்ன எழுதினாலும் கார்டுக்குப் போகாது. ஒரு பதிவு 64 பைட், ஒரு பேஜ் 4096 பைட். ஆக, ஒரு பேஜுக்கு 64 வண்டி. 11-உடன் போனதே அதிர்ஷ்டம். ரசீதுகளைத் திரும்ப வாங்கி உட்கார்ந்து பதிந்தோம். இப்போது முதலில் கொடியை இறக்கி, பிறகு பூட்டி, அதன்பின் எழுதி, கடைசியில் எழுதியதைக் கார்டில் நிஜமாகவே இறக்கச் சொல்லும் எஃப்சிங்க். ஹேண்ட்லரில் முதலில் திறப்பு, பிறகு கொடி. இந்த வரிசையில் எந்த இரண்டு த்ரெட் எப்படி மோதினாலும், அதிகம் போனால் மாறாத பேஜ் ஒருமுறை கூடுதலாகச் சேமிக்கப்படும்.

2024-இல் பை 5 வாங்கி மாட்டினோம். மூன்றாம் நாள் எடைமேடைக்காரரின் போன். “தம்பி, ஸ்கிரீன் அப்படியே நின்னுபோச்சு, ஃபேன் மட்டும் பேய் மாதிரி சுத்துது.” நிரல் சாகவில்லை, பிழைச் செய்தியும் இல்லை. பை 5-க்கு வரும் வழக்கமான 64 பிட் கெர்னலில் பேஜ் அளவு 16 கேபி. என் ஹேண்ட்லரோ 4096 என்று நேராக எழுதி வைத்திருந்தது. 16 கேபி எல்லையில் தொடங்காத முகவரி கொடுத்தால் எம்ப்ரொடெக்ட் மறுக்கும். நான் அதன் பதிலைப் பார்க்கவே இல்லை. திறக்காமலே ஹேண்ட்லர் திரும்ப, அதே கட்டளை, அதே தடுப்பு, அதே சிக்னல் என்று முடிவில்லாமல் சுற்றியிருக்கிறது. ஒவ்வொரு பெரிய பேஜிலும் முதல் கால் பங்கில் தொட்டால் மட்டும் வேலை செய்தது. அதனால்தான் இரண்டு நாள் தப்பியது. இப்போது பேஜ் அளவை ஓடத் தொடங்கும்போது கெர்னலிடமே கேட்டுக்கொள்கிறேன். திறக்க முடியாமல் போனால் சிக்செக்வியைப் பழைய இயல்புக்கு மாற்றிவிட்டுத் திரும்புகிறேன். நிரல் அங்கேயே செத்து, உடனே மறுபடி எழும். தொங்கி நிற்பதைவிடச் சாவது ஆயிரம் மடங்கு மேல்.

பேஜே இல்லாத முகவரியைத் தொட்டதும் பூட்டிய பேஜைத் தொட்டதும் வேறு வேறு. லினக்ஸ் இரண்டுக்கும் சிக்செக்விதான் தரும், ஆனால் உள்ளே இருக்கும் குறியீடு 1, 2 என்று மாறும். 2-ஆக இருந்து, முகவரியும் என் அட்டவணைக்குள் இருந்தால்தான் திறக்கிறேன். மற்றதெல்லாம் நிஜமான பிழை, அதை மூடி மறைக்கக் கூடாது. தஞ்சாவூர் நண்பர் மேக் கணினியில் ஓட்டிப் பார்த்தபோது பூட்டிய பேஜுக்கு சிக்பஸ் என்ற வேறு சிக்னல் வந்தது. அங்கே இரண்டையும் பிடிக்க வேண்டும்.

ஸ்டாக் (நிரல் ஓடும்போது தற்காலிகத் தகவல்களை அடுக்கி வைக்கும் மெமரிப் பகுதி) நிரம்பி வழிந்தால் ஹேண்ட்லர் நிற்கவே இடம் இருக்காது. அதற்கு மாற்று ஸ்டாக் வேண்டும், ஒவ்வொரு த்ரெட்டுக்கும் தனித்தனியாக. பழைய குறைந்தபட்ச அளவான 2048 பைட்டை நம்பாதீர்கள். ஏவிஎக்ஸ்-512 என்ற வசதிக்கான பெரிய ரெஜிஸ்டர்கள் உள்ள இன்டெல் இயந்திரங்களில் ரெஜிஸ்டர்களைச் சேமிக்கவே அது பத்தாது. லினக்ஸின் சி மொழி நூலகமான கிளிப்சி 2.34 முதல் அந்த அளவையும் ஓடும்போதே கேட்டு வாங்க வழி உண்டு.

பூட்டுவதற்கு, பேஜ்களுக்குச் சாவி எண் கொடுக்கும் புரொடெக்ஷன் கீ என்ற வசதியையும் வாடகை சர்வரில் வேறொரு வேலைக்குச் சில மாதம் பயன்படுத்தினேன். லினக்ஸ் 4.9 முதல் அதற்கான சிஸ்டம் கால்கள் உண்டு. பூட்டித் திறக்க ஒவ்வொரு முறையும் கெர்னலிடம் போக வேண்டியதில்லை, அதனால் வேகம் அதிகம். ஆனால் எந்த சிக்னல் வந்தாலும் ஹேண்ட்லருக்குள் நுழையும்போது கெர்னல் சாவி உரிமைகளை இயல்பு நிலைக்கு மாற்றிவிடும். வெளியே திறந்து வைத்திருந்த பகுதி உள்ளே பூட்டியிருக்கும். டைமர் சிக்னலில் அந்தப் பகுதியைத் தொட்ட நிரல் அங்கேயே விழுந்தது. பாதுகாப்புக்கு இதுவே சரி என்றுதான் நினைக்கிறேன், ஆனால் கையேட்டைப் படிக்காமல் இறங்கினால் ஒரு நாள் போய்விடும்.

இந்த வருடக் குறுவை வண்டிகள் வருவதற்கு முன் ஆலைக்குப் போய், எடை போட்டுக்கொண்டிருக்கும்போதே 20 முறை ப்ளக்கைப் பிடுங்கினேன். ஒவ்வொரு முறையும் எழுந்ததும் எடைமேடைக்காரர் ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு திரையோடு ஒப்பிட்டார். இரண்டு முறை கடைசி வண்டி மட்டும் இல்லை. அந்த 10 நொடி இடைவெளியில் விழுந்தவை அவை. மற்ற எல்லாம் இருந்தன. இடைவெளியை 3 நொடியாகக் குறைத்துவிட்டு வந்தேன்.