இணையம் எட்டாத சரிவில் ஒரு மின்னூலகப் பெட்டி: ஓராண்டுக்குப் பின்

கீழ்க்கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே நாங்கள் நடத்தும் மாலைப் படிப்பகத்துக்குச் சென்ற ஆண்டு ஜூன் மாதம் ஒரு மின்னூலகப் பெட்டி வாங்கினோம். விலை 14,500 ரூபாய், டேப்லெட்டுகள் தனி. சோப்புப் பெட்டியைவிடச் சற்றே பெரிய அந்தப் பெட்டிக்குள் ஒரு ராஸ்பெர்ரி பை 4 கணினியும் 256 ஜிபி நினைவட்டையும் இருக்கின்றன. மின்இணைப்புக் கொடுத்தால் அதுவே ஒரு வைஃபை வலையை உண்டாக்கிக்கொள்ளும். அருகிலுள்ள டேப்லெட்டோ கைப்பேசியோ அதில் இணைந்ததும் உலாவியில் நூலகம் திறந்துவிடும். இணையம் தேவையே இல்லை.

இந்த யோசனை புதிதன்று. அயோவா பல்கலைக்கழகத்தில் தொடங்கிய வைடர்நெட் திட்டம், உரிமையாளர்களின் இசைவோடு இணையதளங்களைப் படியெடுத்து, ‘இகிரேனரி’ என்ற பெயரில் ஆப்பிரிக்கக் கல்வி நிலையங்களுக்கு வன்தட்டில் அனுப்பிவந்தது. 2007இல் பிறந்த கிவிக்ஸ், விக்கிப்பீடியா முழுவதையும் ஒரே கோப்பாகச் சுருக்கித் தருகிறது. லேர்னிங் ஈக்குவாலிட்டி நிறுவனத்தின் கொலிப்ரி, பாடங்களையும் பயிற்சிகளையும் அடுக்கி, ஒவ்வொரு மாணவரும் எதுவரை வந்திருக்கிறார் என்ற கணக்கையும் வைத்துக்கொள்கிறது. மென்பொருள்கள் இரண்டும் இலவசமே. நாங்கள் பணம் கொடுத்தது கருவிக்கும், அவற்றை ஏற்றி ஒழுங்குபடுத்தித் தந்த உழைப்புக்கும்தான். அந்த ஒழுங்கு எப்படியிருந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

2018 முதல் தமிழ்நாட்டுப் பாடநூல்களில் க்யூஆர் குறியீடுகள் அச்சாகின்றன. தீக்‌ஷா செயலியால் வருடினால் காணொளி வரும். எங்கள் சரிவில் அலைபேசிக் கோபுரம் கண்ணுக்குத் தெரியும், அலை மட்டும் வராது. ஐப்பசி மழையில் மூடுபனி இறங்கிவிட்டால் மின்சாரமும் போய்விடும். 1859இல் தொடங்கிய நீலகிரி நூலகம் ஊட்டியில் இருக்கிறது என்று பெருமையாகப் பேசிக்கொள்ளலாம். இலை எடை போட்டுவிட்டு இருட்டும் நேரத்தில் வீடு திரும்பும் தாய், பிள்ளையை அங்கே அழைத்துப் போக முடியாது.

பெட்டியில் இருப்பவற்றுள் கொடுத்த காசுக்குத் தகுதியானவை எவை என்று கேட்டால், தயங்காமல் கதைப் புத்தகங்களையே சொல்வேன். பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தின் தமிழ்க் கதைகள், வாசிப்புத் திறனுக்கேற்ப நிலைவாரியாகப் பிரிக்கப்பட்டவை. பள்ளியில் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தின் அரும்பு, மொட்டு, மலர் என்ற படிகளுக்குப் பழகிய பிள்ளைகளுக்கு இந்தப் பிரிவு உடனே பிடிபட்டது. ‘முதல் நிலை’ என்பதை ‘அரும்புக் கதை’ என்று அவர்களே மாற்றிக்கொண்டார்கள். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியானவை என்பதால், மூலத்தைக் குறிப்பிட்டுவிட்டு அவற்றை மொழிபெயர்க்கலாம், மாற்றி எழுதலாம். நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தி ஒரு யானைக் கதையைத் தன் பாட்டிக்காகப் படுகு மொழியில், தமிழ் எழுத்திலேயே எழுதி எடுத்துப் போனாள். பாட்டி இரண்டு இடங்களில் திருத்தம் சொல்லி அனுப்பியிருந்தார். அந்த நோட்டு இப்போது எங்கள் அலமாரியில் இருக்கிறது.

அடுத்த இடம் தமிழ் விக்கிப்பீடியாவுக்கு. ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் என்பது எண்ணிக்கைதான். தரம் ஒரே சீராக இல்லை, சில கட்டுரைகள் நான்கு வரியோடு நின்றுவிடுகின்றன. ஆனால் அந்தக் குறையும் ஒரு நாள் பயன்பட்டது. பாறையிலிருந்து தேன் எடுக்கும் குறும்பர் குடும்பத்துச் சிறுவன் ஒருவன் தேனீ பற்றிய கட்டுரையை விரலால் தடவித் தடவிப் படித்துவிட்டு, “எங்க தாத்தா ராத்திரியிலதான் இறங்குவார் சார், இதுல அது போடலையே” என்றான். விட்டுப்போனவற்றை எழுதச் சொன்னோம். வகுப்பில் எப்போதும் அரைப் பக்கத்தைத் தாண்டாதவன் அன்று மூன்று பக்கம் எழுதினான்.

கணிதக் காணொளிகளைப் பற்றி இந்த அளவுக்கு நல்ல வார்த்தை சொல்ல முடியவில்லை. எங்களுக்கு வந்த பெட்டியில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் இருந்தன. முதல் மாதம் ஆளுக்கொரு டேப்லெட் கொடுத்து உட்காரவைத்தோம். அறை அமைதியாக இருந்தது, கற்றலும் அமைதியாகவே இருந்தது. பெரு நாட்டில் பிள்ளைக்கு ஒரு மடிக்கணினி கொடுத்த திட்டத்தை அமெரிக்க நாடுகளிடை வளர்ச்சி வங்கி ஆராய்ந்து, கணிதத்திலும் மொழியிலும் தேர்வு மதிப்பெண் உயர்ந்ததற்குச் சான்று இல்லை என்று 2012இல் அறிவித்ததை அப்போதுதான் நினைத்துக்கொண்டேன். இரண்டாம் மாதத்திலிருந்து மூவருக்கு ஒரு டேப்லெட் என்று மாற்றினோம்: ஒருவர் உரக்கப் படிக்க, ஒருவர் சிலேட்டில் கணக்குப் போட, மூன்றாமவர் விடையைத் தட்ட வேண்டும், ஒவ்வொரு கணக்குக்கும் இடம் மாறிக்கொள்ள வேண்டும். சத்தம் கூடியது. கொலிப்ரியின் பயிற்சிகள் உயிர்பெற்றதும் அப்போதுதான். பெட்டியோடு வந்த கையேட்டில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்பதற்கு மட்டும் பதினாறு பக்கம்.

இனி விற்பனையாளர் செய்த ஒழுங்கு. பெயரை எழுதப் போவதில்லை. முகப்புப் பக்கம் முழுவதும் ஆங்கிலம். தமிழ்க் கதைகளுக்குப் போவதற்குள் நான்கு முறை தட்ட வேண்டும். பாடநூல்கள் பழைய எழுத்துருக் குறியாக்கத்தில் அமைந்த பிடிஎப் கோப்புகளாக ஏற்றப்பட்டிருந்ததால், ‘ஒளிச்சேர்க்கை’ என்று தேடினால் ஒன்றும் கிடைக்காது; பாடம் என்னவோ உள்ளேதான் இருக்கிறது. எட்டு டேப்லெட் வரை தடையில்லை, பன்னிரண்டைத் தாண்டினால் காணொளி திக்கித் திக்கி நிற்கிறது. ‘முப்பது பேர் வரை’ என்பது அவர் கொடுத்த வாக்கு.

இவற்றைவிட என்னைச் சோதித்தது கடிகாரம். ராஸ்பெர்ரி பை 4இல் மின்கலத்தால் ஓடும் கடிகாரம் கிடையாது. இணையத்தைப் பார்த்தே அது நேரத்தைத் திருத்திக்கொள்ளும். இணையமே இல்லாத இடத்தில் ஒவ்வொரு மின்வெட்டுக்குப் பிறகும் அது பின்தங்கிப்போகிறது. நவம்பரில் பிள்ளைகள் போட்ட கணக்குகள் அக்டோபர்ப் பதிவில் போய் உட்கார்ந்துகொண்டன. சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும் ஒரு சிறு கடிகாரச் சில்லைச் சேர்த்திருந்தால் இந்தத் தொல்லை இல்லை. மூன்று முறை தொலைபேசியில் சொன்னேன். “மின்சாரம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்” என்ற பதிலை எங்கள் மலையை அறிந்த யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

பெட்டி வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு வேண்டும் என்றே சொல்வேன். அதே விற்பனையாளரிடம் வாங்கச் சொல்ல மாட்டேன். கணினியையும் நினைவட்டையும் கடிகாரச் சில்லையும் தனித்தனியாக வாங்கிக் கோத்துக்கொள்ள, கணினி ஓரளவு தெரிந்த ஒருவருக்கு ஒரு சனி, ஞாயிறு போதும். தமிழ் முகப்பு ஒன்றை நாங்களே எழுதிச் சேர்த்துவிட்டோம். கதைகள் இப்போது ஒரே தட்டலில் வருகின்றன. காணொளிகளை நீக்கிவிட்டுக் கதைகளும் விக்கிப்பீடியாவும் மட்டும் அடங்கிய படி ஒன்றை வேறோர் அட்டையில் எடுத்து வைத்திருக்கிறோம். அடுத்த வாரம் அது சோலூர்மட்டத்துப் படிப்பகத்துக்குப் போகிறது.