பெயரை எழுதுவதா, சிறு கட்சிக்குப் போடுவதா?

அமெரிக்காவில் இரண்டு பெரிய கட்சிகளும் பிடிக்காவிட்டால்? சிறு கட்சிக்கு வாக்களிக்கலாம், அல்லது வாக்குச்சீட்டில் இல்லாத ஒருவரின் பெயரை அதில் எழுதி வாக்களிக்கலாம். எது மேல்?

சுலபம்: சிறு கட்சிக்கு வட்டத்தை நிரப்பினால் போதும். வாக்குச்சீட்டில் இல்லாதவர் என்றால் பெயரையும் கையால் எழுத வேண்டும்.

எண்ணிக்கை: சிறு கட்சி வாக்கு கணக்கில் வந்துவிடும். எழுதிய பெயரோ, பல மாநிலங்களில் அவர் முன்பே பதிவு செய்திருந்தால்தான் எண்ணப்படும். ஹவாய் மாநிலத்தில் பெயர் எழுதவே முடியாது. 1992இல் உச்ச நீதிமன்றமும் அந்தத் தடை சரி என்றது.

வெற்றி: இரண்டிலும் அபூர்வம். ஆனாலும் 2010இல் அப்போதைய செனட்டர் லிசா முர்கோவ்ஸ்கி, உட்கட்சித் தேர்தலில் தோற்றபின், எழுதப்பட்ட பெயராகவே அலாஸ்காவில் ஜெயித்து மீண்டும் செனட்டுக்கு (நாடாளுமன்ற மேலவைக்கு) போனார். எழுத்துப் பிழை வராமலிருக்க, பெயர் பொறித்த கைப்பட்டைகளை அவர் தரப்பு விநியோகித்தது!

எதிர்ப்பு கணக்கில் தெரிய வேண்டுமா? சிறு கட்சி. ஆள் குறைவாக நிற்கும் பள்ளி வாரியத் தேர்தல், பதிவு செய்த தெரிந்த வேட்பாளர் என்றால், பேனாவை எடுக்கலாம்.