ஷெல்டர் டேகேர்: இரண்டரை வருட அனுபவம்

அமெரிக்காவின் டெக்சஸில் கணவர் வீட்டை விட்டு நான் கிளம்பியபோது கையில் ஒரு டயப்பர் பையும் பதினான்கு மாதப் பெண்ணும்தான். ஒரு கிறிஸ்தவ அமைப்பு நடத்தும் ஷெல்டரில், அதாவது போக இடமில்லாதவர்களுக்கான தற்காலிகத் தங்குமிடத்தில், ஏழு மாதம் இருந்தோம். கட்டிலும் சாப்பாடும் வேறு ஷெல்டரிலும் கிடைத்திருக்கும். வளாகத்துக்குள்ளேயே டேகேர் இருந்ததால்தான் மூன்றாவது வாரமே வேலைக்குப் போக முடிந்தது. இப்போது வாடகை வீடு. பெண் இன்னும் அங்கேதான் போகிறாள்.

தடுப்பூசி அட்டை பழைய வீட்டிலேயே மாட்டிக்கொண்டது. அது இல்லாமல் சேர்க்க மாட்டார்கள் என்று பயந்தேன். வீடில்லாத குடும்பத்துப் பிள்ளையை முதலில் சேர்த்துக்கொண்டு காகிதங்களுக்கு அவகாசம் தர வேண்டும் என்று 2014 மத்திய சட்டமே சொல்கிறதாம். டேகேர் கட்டணத்துக்கு அரசு வவுச்சர், அதாவது உதவித்தொகைச் சீட்டு. அதற்குப் பார்ப்பது பிள்ளையின் குடியுரிமையை, அம்மாவின் விசாவை அல்ல. இது தெரியாமல் எத்தனை பேர் பல்லைக் கடித்துக்கொண்டு அந்தந்த வீட்டிலேயே இருக்கிறார்களோ! காகிதமெல்லாம் சரியானதும் வவுச்சரை 12 மாதத்துக்கு எழுதிக் கொடுத்தார்கள். ஷெல்டரை விட்டு வந்த பிறகும் அது நிற்கவில்லை.

மதம் பற்றிக் கேட்பீர்கள். சாப்பாட்டுக்கு முன் ஜெபம் உண்டு. வவுச்சர் பணத்தை மத அமைப்பின் டேகேரிலும் கட்டலாம் என்பதால் அதற்குத் தடையில்லை. பிடிக்காவிட்டால் அதே வவுச்சரோடு வேறிடம் பார்க்கலாம். என் பெண் வீட்டில் தயிர்சாதத்துக்கும் கண்ணை மூடி ‘ஆமென்’ சொல்கிறாள். அவள் நெற்றி விபூதியை அங்கே யாரும் துடைத்ததில்லை. எனக்கு இது போதும்.

தூளியில் தூங்கிப் பழகியவள் அவள். முதல் வாரம் அங்கே தரை மெத்தையில் கிடந்து ஒரே அழுகை. எப்படித் தூங்க வைப்பீர்கள் என்று ஆசிரியை என்னிடம் கேட்டு, ‘துங்கு, துங்கு’ என்று முதுகைத் தட்டப் பழகிக்கொண்டார். அப்புறம் பால். இரண்டு வயது முடிந்ததும் திடீரென்று தண்ணீர் மாதிரி பால் தருகிறார்களே என்று சண்டைக்கே போனேன். அரசு உணவுத் திட்ட விதியாம்: இரண்டு வயது வரை கொழுப்பு நீக்காத பால், அதன் பிறகு ஒரு சதவீதக் கொழுப்பு அல்லது அதுவும் இல்லாதது. சரி என்று விட்டுவிட்டேன்.

குறை இல்லாமல் இல்லை. மாலை ஐந்தரைக்குக் கதவு மூடும், தாமதமானால் நிமிடத்துக்கு இவ்வளவு என்று அபராதம். கூடுதல் சம்பளத்தோடு வந்த மாலை ஷிப்டை இதனாலேயே விட்டேன். காய்ச்சல் என்றால் உடனே போன் வரும். மருந்தில்லாமல் 24 மணி நேரம் காய்ச்சல் விட்டிருந்தால்தான் மறுபடி சேர்ப்பார்கள். மற்ற பிள்ளைகளுக்காகத்தான், புரிகிறது. ஆனால் முதல் குளிர்காலத்தில் ஒன்பது நாள் சம்பளம் போயிற்று. ஆசிரியைகளும் நிற்பதில்லை. ‘துங்கு’ சொன்னவர் எட்டு மாதத்தில் போய்விட்டார். இதுவரை ஐந்து பேர் மாறியாகிவிட்டது.

ஆகஸ்டில் அவளுக்கு நான்கு வயது. அரசுப் பள்ளியின் ப்ரீ-கேவில் (எல்கேஜி மாதிரி மழலையர் வகுப்பு) இலவச இடம் கேட்டிருக்கிறேன். பள்ளி மூன்று மணிக்கே விட்டுவிடும், என் வேலை முடிவது ஐந்துக்கு. அந்த இரண்டு மணி நேரத்துக்குத்தான் ஆள் தேடிக்கொண்டிருக்கிறேன்.