பெட்டியை மாற்றினால் போதுமா, சரக்கையே மாற்ற வேண்டுமா?

திருவொற்றியூர் பக்கம் வளர்ந்தவர்களுக்குக் கன்டெய்னர் என்றால் விளக்கம் தேவையில்லை. எண்ணூர் விரைவுச் சாலையில் வரிசைகட்டி நிற்கிற லாரிகளின் முதுகில் இருப்பது அதுதான். வெளியே பார்த்தால் இரும்புப் பெட்டி, உள்ளே என்ன சரக்கு என்பது திறந்தால்தான் தெரியும். வீடியோவிலும் அதே சொல், அதே பொருள். எம்பி4, எம்கேவி, ஏவிஐ எல்லாம் பெட்டிகள். உள்ளே படமும் ஒலியும் எந்த முறையில் சுருக்கப்பட்டிருக்கின்றன என்பதுதான் கோடெக். படத்துக்கு எச்.264, எச்.265, ஏவி1, ஒலிக்கு ஏஏசி, ஏசி-3 என்று அவை தனித்தனி.

போன மாதம் காசிமேட்டிலிருந்து ஒரு அக்கா பென் டிரைவோடு வந்தார். அவருடைய கல்யாண டிவிடியிலிருந்து உறவுக்காரப் பையன் எடுத்துக் கொடுத்த கோப்பு. "தம்பி, டிவில போட்டா நல்லா ஓடுது. போன்ல படம் வருது, சத்தம் வரல. எங்கப்பா பேசுறது இதுல மட்டும்தான் இருக்கு" என்றார். ஏற்கெனவே ஒரு கடையில் கொடுத்து மாற்றியிருக்கிறார். சத்தம் வந்துவிட்டது, ஆனால் அப்பாவின் முகம் கட்டம் கட்டமாகக் கலங்கிப் போயிருந்தது.

மூலக் கோப்பை விஎல்சி என்கிற வீடியோ ஓட்டும் மென்பொருளில் திறந்து கோடெக் விவரத்தைப் பார்த்தேன். எம்கேவி பெட்டி, படம் எச்.264, ஒலி ஏசி-3. படத்தில் ஒரு குறையும் இல்லை. ஏசி-3 ஒலியை அவருடைய போன் படிக்கவில்லை, அவ்வளவுதான். எஃப்எஃப்எம்பெக் என்கிற வீடியோ மாற்றும் மென்பொருளில் படத்தைத் தொடாமல் நகலெடுத்து, ஒலியை மட்டும் ஏஏசி ஆக்கி, எம்பி4-இல் போட்டேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அந்தக் கடையில் படத்தையும் சேர்த்து மறுபடி சுருக்கியிருந்தார்கள். ஒவ்வொரு முறை சுருக்கும்போதும் கொஞ்சம் விவரம் போகும், போனது திரும்பாது. பலரும் பயன்படுத்தும் ஹேண்ட்பிரேக் நல்ல மென்பொருள்தான், ஆனால் அது படத்தை எப்போதும் புதிதாகச் சுருக்கும். பெட்டி மட்டும் மாற்றுகிற வேலைக்கு அது ஆகாது. கோப்பின் பெயரில் எம்கேவி-யை அழித்து எம்பி4 என்று எழுதுவதும் பலிக்காது, அது கன்டெய்னர் மேல் வேறு எண்ணைப் பெயின்ட் அடிப்பது.

எம்பி4-ஆ, எம்கேவி-யா? பகிர்வதற்கு எம்பி4. போன், டிவி, வாட்ஸ்அப் எல்லாம் அதை ஏற்கும். 2002-இல் தொடங்கிய எம்கேவி, ரஷ்யாவின் அடுக்குப் பொம்மையின் பெயரால் வந்தது. ஏறக்குறைய எந்தக் கோடெக்கையும், பல ஒலித்தடங்களையும் வசனவரிகளையும் ஒரே கோப்பில் அடக்கும். அதைவிடப் பெரிய பலம் பதிவின்போது. சாதாரண எம்பி4-இல் உள்ளடக்க அட்டவணை கடைசியில்தான் எழுதப்படும். எங்கள் தெருவில் ஆடி மாதம் கூழ் ஊற்றும் விழாவைக் கம்ப்யூட்டரில் நேரடியாகப் பதிந்துகொண்டிருந்தபோது கரண்ட் போனது. அட்டவணை எழுதப்படாததால் அந்தக் கோப்பு திறக்கவே இல்லை. எம்கேவி-யாக இருந்திருந்தால் அதுவரை பதிந்தது கிடைத்திருக்கும். அன்று முதல் எம்கேவி-யில் பதிகிறேன், முடிந்த பிறகு பெட்டியை எம்பி4-க்கு மாற்றிக்கொள்கிறேன். ஏவிஐ 1992-இல் வந்தது, புதிதாக எதையும் அதில் செய்யத் தேவையில்லை.

கோடெக்குகளில் என் ஓட்டு இன்னும் எச்.264-க்குத்தான். 2003-இல் வந்தது, ஓடாத கருவியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். 2013-இல் வந்த எச்.265 ஏறக்குறைய பாதி அளவில் அதே தரத்தைத் தரும். நொடிக்கு 8 மெகாபிட் என்றால் ஒரு மணி நேரம் 3.6 ஜிபி. மூன்று மணி நேரக் கல்யாணம் 11 ஜிபி-யை நெருங்கும் என்னும்போது அந்தப் பாதி பெரிய விஷயம். ஆனால் சுருக்க நேரம் பிடிக்கும், பழைய டிவிகள் படிக்காது. 2017 முதல் ஐபோன்கள் இந்த வகையில் பதிவதால்தான் "என் போன்ல ஓடுது, வீட்டு டிவில ஓடல" என்று பலர் வருகிறார்கள். ஏவி1 2018-இல் வந்தது, உரிமக் கட்டணம் இல்லாதது, இன்னும் சிறிதாகச் சுருக்கும். புதிய கருவிகளில்தான் சிரமமின்றி ஓடும் என்பதால் வீட்டுப் படங்களுக்கு இப்போதைக்கு வேண்டாம்.

பென் டிரைவ் ஃபேட்32 என்கிற பழைய கோப்பு முறையில் இருந்தால் 4 ஜிபி-க்கு மேற்பட்ட ஒரே கோப்பை ஏற்காது. அதற்காகப் படத்தை நசுக்க வேண்டாம், துண்டாக்கினால் போதும்.

படத்தை மறுபடி சுருக்கியே ஆக வேண்டிய இடமும் உண்டு. டிவிடியில் இருப்பது எம்பெக்-2 என்கிற பழைய கோடெக், பல போன்கள் அதை நேரடியாக ஓட்டாது. நம் ஊர்க் கல்யாண டிவிடிகள் 720க்கு 576 அளவு, பெரும்பாலும் ஒற்றைப்படை வரியும் இரட்டைப்படை வரியும் மாறிமாறிப் பதிந்தவை. வரிகளைச் சேர்க்கும் டீஇன்டர்லேஸ் வசதியை இயக்காவிட்டால், கை அசைகிற இடமெல்லாம் சீப்புப் பல் போலக் கோடு விழும். ஹேண்ட்பிரேக்கில் தர எண்ணை 18 முதல் 22-க்குள் வையுங்கள், எண் குறையக் குறையத் தரம் கூடும். "எச்டி ஆக்கித் தருகிறோம்" என்று 1080-க்கு இழுத்துக் கொடுப்பதற்குக் காசு கொடுக்காதீர்கள். கேமரா பிடிக்காத விவரம் இழுப்பதால் வந்துவிடாது.

அக்காவிடம் அந்த டிவிடியையே எடுத்துவரச் சொல்லியிருக்கிறேன். அதில் படமும் ஒலியும் இருக்கிற விஓபி கோப்புகளை ஒன்றும் மாற்றாமல் ஹார்ட் டிஸ்கில் ஏற்ற வேண்டும், தட்டு படிக்கிற நிலையில் இருக்கும்போதே.