வீல் கேப் சத்தத்தை நிறுத்த 38,500 ரூபாய் வாங்கி ஏமாற்றிவிட்டார்கள். பழைய கார் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து படியுங்கள்

38,500 ரூபாய். நாலு வீல் கேப்புக்கு. சத்தமும் நிற்கவில்லை, நாலில் ஒன்று இப்போது எங்களிடம் இல்லவே இல்லை. நீலகிரியிலோ கோவைப் பக்கமோ பழைய கார் வைத்திருக்கும் இன்னொருவர் அந்தக் கடைக்காரனிடம் போய் மாட்டக்கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். கடைப் பெயரைப் போடவில்லை. புகார் கொடுக்கும்வரை போடாதே என்று வக்கீல் நண்பர் சொல்லியிருக்கிறார். மலைக்குக் கீழே மெயின் ரோட்டில் இருக்கும் கார் டெக்கரேஷன் கடை, பழைய வண்டிகளைப் புதுசாக்கித் தருகிறோம் என்று குட்டிக் குட்டி வீடியோ போட்டு ஆள் பிடிக்கும் ரகம். இந்த மாதிரி ஆட்களிடம் ஏமாறாமல் இருப்பது எப்படி என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

வண்டி சித்தப்பாவுடையது. 1983 மாடல் காடிலாக் செடான் டிவில். சவுதியில் வேலை முடித்துத் திரும்பும்போது கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்தார். ஸ்டீயரிங் இடதுபக்கம். குன்னூரில் சிம்ஸ் பார்க் பக்கம் போனால் டூரிஸ்ட்டுகள் நிறுத்தச் சொல்லி போட்டோ எடுப்பார்கள். அதன் அழகே கம்பி வைத்த வீல் கேப்தான். தூரத்திலிருந்து பார்த்தால் அந்தக் காலத்து ஸ்போக் சக்கரம் என்றே தோன்றும். ஆனால் உள்ளே இருப்பது சாதாரண இரும்பு வீல். வண்டியின் பாரத்தைத் தாங்குவது அதுதான். ஸ்போக் எல்லாம் மேலே மாட்டியிருக்கும் மூடியில், வெறும் அலங்காரத்துக்கு. இது தெரியாததால்தான் எங்கள் பணம் போனது.

சத்தம் எப்படியென்றால், குன்னூர் பெட்ஃபோர்டு பகுதி நெரிசலில் ஊர்ந்து போகும்போது கிணிங் கிணிங் என்று ஒவ்வொரு சுற்றுக்கும் கேட்கும். கொஞ்சம் வேகம் பிடித்தால் நின்றுவிடும், தளர்ந்த கம்பிகள் சுழற்சியில் வெளிப்பக்கமாக அழுந்திக்கொள்வதால். மெதுவாகப் போனால் திரும்ப ஆரம்பிக்கும். தங்கச்சி கல்யாணத்துக்கு இந்த வண்டியில்தான் பெண்ணை அழைத்துப் போகவேண்டும் என்பது சித்தப்பாவின் ஆசை. கல்யாண வண்டி தகர டப்பா மாதிரி சத்தம் போடக்கூடாது என்று ஆளைத் தேட ஆரம்பித்தோம்.

அந்தக் கடைக்காரன் நடந்துகொண்ட விதத்தைச் சொல்லியே ஆகவேண்டும். வண்டி உள்ளே நுழைந்ததும் எழுந்து வந்து கும்பிட்டான். "என்னங்ணா, காடிலாக்கா! இதைத் தொடறதுக்கே குடுத்து வெச்சிருக்கோணுமுங்க" என்றான். வேலை செய்யும் பையன்களைக் கூப்பிட்டு, "செருப்பைக் கழட்டிட்டு ஏறுங்கடா" என்றான். சித்தப்பா முகத்தைப் பார்க்கவேண்டுமே! பிறகு அவனாகவே கேட்டான்: "நடுவுல பூட்டு நட்டு இருக்குமுங்களே, அந்தச் சாவி பத்திரமா வெச்சிருக்கீங்களாங்ணா?" திருட்டுப் போகாமல் இருக்க இந்தக் கேப்களுக்கு நடுவில் ஒரு பூட்டு உண்டு, தனிச் சாவி போட்டால்தான் கழலும். அது தெரிந்திருக்கிறதே, விஷயம் தெரிந்த ஆள்தான் என்று இரண்டு பேருமே நம்பிவிட்டோம். டீ வந்தது. சித்தப்பாவை "ஐயா, ஐயா" என்று கூப்பிட்டான்.

கணக்குப் போட்டான். ஸ்போக் டைட் செய்து கோட்டம் எடுக்க ஒரு வீலுக்கு 3,500, நாலுக்கும் 14,000. கேப்பை வீலில் பிடித்து நிறுத்தும் புது கிளிப் அமெரிக்காவிலிருந்து வரவழைக்க நாலு செட் 18,000. பாலிஷ் 6,500. ஆக 38,500. முழுப் பணமும் முன்னாடியே வேண்டும், இம்போர்ட் ஐட்டம் என்றான். பில் கேட்டோம். "பில் போட்டா ஜி.எஸ்.டி. 18 சதவீதம் ஏறுமுங்க, உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்." பணம் போனது வேறு யாரோ பெயரில் இருந்த ஜி-பே நம்பருக்கு.

கிளிப் கஸ்டம்ஸில் நிற்கிறது, சென்னை வந்துவிட்டது, லாரியில் வருகிறது என்று வாரக்கணக்கில் கதை ஓடியது. கடைசியில் கேப் வந்தபோது பளபளவென்று இருந்தது உண்மை. குன்னூர் ஏறும்வரை சத்தமே இல்லை. சித்தப்பா அவனுக்குப் போன் போட்டு நன்றி வேறு சொன்னார். அதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

கல்யாணம் மேட்டுப்பாளையத்தில். அந்த இறக்கத்தில் 14 கொண்டை ஊசி வளைவு, என்னதான் சின்ன கியரில் இறங்கினாலும் பிரேக் சூடாகும். காட்டேரி தாண்டியதுமே பழைய கிணிங் கிணிங் ஆரம்பித்தது, முன்னைவிட மோசமாக. பர்லியாறு வருவதற்கு முன் ஒரு வளைவில் பின்பக்கத்துக் கேப் ஒன்று கழன்று, ரோட்டில் உருண்டு, தடுப்புச் சுவரைத் தாண்டிப் பள்ளத்தில் போய்விட்டது. முன்பக்கத்து இடது கேப் பிடிப்பு இல்லாமல் தனியாகச் சுற்றி டயர் வால்வை அறுத்திருக்கிறது, காற்று இறங்கிவிட்டது. பட்டுப்புடவையோடு கல்யாணப் பெண் பர்லியாறு பழக்கடை ஓரம் நிற்க, நானும் டிரைவரும் ஸ்டெப்னி மாற்றினோம். ஒரு வளைவில் நிற்கும்போது தெரிந்ததால் தப்பித்தோம். ஓட்டத்தில் முன்சக்கரம் இறங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

கழற்றிய கேப்பைத் திருப்பிப் பார்த்தால் உள்ளே பள்ளிப் பிள்ளைகள் கைவேலைக்கு வைத்திருக்கும் பசைத் துப்பாக்கிக் குச்சிப் பசை! பிரேக் சூட்டில் உருகி நூல் நூலாகத் தொங்குகிறது. 18,000 ரூபாய் அமெரிக்கக் கிளிப்? அதே பழைய துருப்பிடித்த கிளிப், மேலே வெள்ளி நிற ஸ்பிரே பெயின்ட். நகத்தால் சுரண்டினால் துரு வருகிறது.

போன் செய்தேன். "அப்படீங்களா? போட்டோ அனுப்புங்ணா." அனுப்பினேன். பார்த்துவிட்டான், பதில் இல்லை. திரும்பக் கூப்பிட்டால், "ஹில்ஸ்ல ஓட்டுவீங்கன்னு நீங்க சொல்லவே இல்லையேங்க" என்கிறான். நம்பர் பிளேட்டிலேயே டி.என். 43 என்று இருக்கிறது, ஊட்டி ஆர்.டி.ஓ. நம்பர்! புதுக் கிளிப் வந்த பெட்டியைக் காட்டு என்றேன். "அதெல்லாம் குப்பைக்குப் போயிருச்சுங்க." அடுத்த தடவை, "ஓனர் திருப்பூர் போயிருக்காருங்க" என்று சொன்னது ஓனரின் குரலேதான். பிறகு ஒரு சலுகை: அடுத்த வேலை கொண்டுவந்தால் 2,000 கழித்துக்கொள்வானாம். கீழே இறங்கி நேரிலேயே போனேன். அன்றைக்கு டீ கொடுத்த அதே மேஜையில் உட்கார்ந்துகொண்டு, எழுந்திருக்கக்கூட இல்லாமல் கேட்டான்: "பில் இருக்குதுங்களா? பில் இருந்தாப் பேசலாமுங்க." அவன் வீடியோவுக்குக் கீழே நடந்ததை எழுதினேன், அழித்துவிட்டு என்னை பிளாக் செய்துவிட்டான். 38,500 ரூபாய் வாங்கியவன் இப்போது போனையே எடுப்பதில்லை.

குன்னூர் லோயர் பஜார் பக்கம் ஒரு வயதான மெக்கானிக் பாய் இருக்கிறார். அவரிடம் மிச்சமிருந்த மூன்றையும் காட்டினேன். முதல் கேள்வியே, "தம்பி, இதுல நிப்பிளே இல்லையே, எதை முறுக்கி டைட் பண்ணினான்?" அசல் ஸ்போக் சக்கரத்தில், சைக்கிளில் இருப்பதுபோல, கம்பி முனையில் திருகும் நிப்பிள் இருக்கும், அதை முறுக்கிக் கோட்டம் எடுக்கலாம். இந்தக் கேப்பில் கம்பியைத் துளையில் செருகி மடக்கியிருக்கிறார்கள், அவ்வளவுதான். முறுக்க எதுவும் கிடையாது. இல்லாத வேலைக்கு 14,000 வாங்கியிருக்கிறான்!

பாய் செய்ததைச் சொல்கிறேன். பசையை எல்லாம் சுரண்டி, சோப்புத் தண்ணீரில் கழுவி நன்றாகக் காயவைத்தார். ஸ்குரூ டிரைவர் பிடியால் ஒவ்வொரு கம்பியாகத் தட்டி, ஆடுவதற்கெல்லாம் சாக்பீஸ் குறி போட்டார். குறி போட்ட முனைகளில் பின்பக்கமாக, இன்ஜின் கேஸ்கெட்டுக்குப் போடும் சூடு தாங்கும் சிலிக்கானைப் பொட்டு வைத்து ஒரு ராத்திரி காயவிட்டார். கிளிப் பற்களை இடுக்கியால் கொஞ்சம் வெளியே வளைத்தார். மாட்டும்போது முதலில் வால்வு துளையைச் சரியாக வைத்து, ரப்பர் சுத்தியலால் எதிர் எதிர்ப் பக்கமாகத் தட்டி, கடைசியில் பூட்டு நட்டை இறுக்கினார். வாங்கியது 600 ரூபாய். மேட்டுப்பாளையம் இறங்கி ஏறிப் பார்த்தாயிற்று, சத்தம் இல்லை.

இப்போது புகார். பில் கொடுக்க மறுப்பதே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். கடை எங்கே இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் வரை கட்டணமும் இல்லை. முதலில் 1915 உதவி எண்ணில் பதிந்திருக்கிறேன், அடுத்தது ஊட்டி நுகர்வோர் ஆணையம். ஜி-பே ரசீது, வாட்ஸ்அப் பேச்சு, உருகிய பசையின் போட்டோ எல்லாம் இருக்கிறது.

விவரமாக எழுதுகிறேன் என்றேன், ஆணையத்துக்கான தாள்களை இன்றைக்கே தயார் செய்யவேண்டியிருக்கிறது. அதனால் சுருக்கமாக: பில் இல்லாமல் பத்து ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். கடைப் பெயரில் இல்லாத நம்பருக்குப் பணம் அனுப்பாதீர்கள். கழற்றிய பழைய பாகத்தையும் புதுசு வந்த பெட்டியையும் கேட்டு வாங்குங்கள். வீல் கேப்பில் "ஸ்போக் டைட்" என்று எவனாவது சொன்னால் வண்டியை ரிவர்ஸ் எடுங்கள். கொடுக்கும் முன் உள்பக்கத்தையும் போட்டோ எடுத்து வையுங்கள்.

பர்லியாறுக்கு மேல் ரோட்டுக்குக் கீழே தோட்ட வேலை பார்ப்பவர்கள் யாருக்காவது கம்பி வைத்த, நடுவில் காடிலாக் முத்திரை போட்ட 15 இன்ச் கேப் கண்ணில் பட்டால் சொல்லுங்கள். எவ்வளவு நசுங்கியிருந்தாலும் பரவாயில்லை, சன்மானம் தருகிறோம்.