பழைய ஈஸ்ட் ஹாம்: தாளிலா, திரையிலா?

ஈஸ்ட் ஹாம் போன்ற லண்டன் பகுதி நூறு ஆண்டுகளுக்கு முன் எப்படி இருந்தது என்று பார்க்க மூன்று வழிகள் உண்டு: காசினி நிறுவனத்தின் அச்சு வரைபடங்கள், ஆலன் காட்ஃப்ரே நிறுவனம் தாளில் அச்சிடும் பழைய வரைபட மறுபதிப்புகள், ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் இணையதளம். மூன்றிலும் நாம் பார்க்கப்போவது பிரிட்டனின் அரசு நில அளவை அமைப்பான ஆர்ட்னன்ஸ் சர்வே அளந்து வரைந்ததைத்தான்.

காசினியை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். மைலுக்கு ஓர் அங்குலம் என்றிருந்த பழைய படத்தை, அதே அமைப்பின் இன்றைய 1:50,000 அளவுள்ள லேண்ட்ரேஞ்சர் வரிசைத் தாளோடு பொருந்தும்படி பெரிதாக்கியிருக்கிறார்கள். ஈஸ்ட் ஹாம் அன்று சேர்ந்திருந்த எசெக்ஸ் மாவட்டம் முழுக்க ஊர்கள் எப்படிப் பெருத்தன என்று பார்க்க நல்லது. தெருவையும் வீட்டையும் தேடுகிறவருக்கு உதவாது.

உண்மையான போட்டி மற்ற இரண்டுக்கும்தான். நூலகத் தளம் இலவசம். ஒரு பாதியில் பழைய படம், மறு பாதியில் இன்றைய செயற்கைக்கோள் படம். ஒன்றை நகர்த்தினால் மற்றதும் கூடவே நகரும். வயல் எங்கே முடிந்து, இன்றைய வரிசை வீடுகள் எங்கே தொடங்குகின்றன என்பது உடனே பிடிபடும். ஆனால் ஒரு சிக்கல். வெவ்வேறு ஆண்டுகளில் திருத்திய தாள்களை ஓரம் வெட்டி ஒரே பரப்பாக ஒட்டியிருப்பதால், தெருவின் இந்தப் பக்கம் ஓர் ஆண்டிலும் அந்தப் பக்கம் வேறோர் ஆண்டிலும் இருக்கலாம். தனித் தாளைத் திறந்து, ஓரத்தில் அளந்த ஆண்டு, திருத்திய ஆண்டு, அச்சிட்ட ஆண்டு மூன்றையும் பார்க்காமல் எதையும் முடிவு செய்யாதீர்கள்.

காட்ஃப்ரே தாளில் இந்தக் குழப்பம் குறைவு. அட்டையிலேயே ஊர்ப் பெயரோடு ஆண்டும் இருக்கும். மைலுக்கு 25 அங்குலப் படத்தைச் சுமார் 15 அங்குலத்துக்குச் சுருக்கியிருந்தாலும் வீடு வீடாகப் பிரித்துப் பார்க்கலாம். 'பி.எச்.' என்றால் மதுக்கடை, 'எல்.பி.' என்றால் தபால் பெட்டி. அப்புறம் பின்பக்கம்! அந்தப் பகுதியைப் பற்றி ஒரு கட்டுரை, பல தாள்களில் அக்கால முகவரிக் கையேட்டின் சில பகுதிகள்: எந்தக் கதவு எண்ணில் ரொட்டிக் கடைக்காரர், எதில் செருப்புத் தைப்பவர் என்று பெயரோடு. கோடுகளாகத் தெரிந்த தெருவில் ஆட்கள் வந்துவிடுகிறார்கள். திரை இதைத் தருவதில்லை. அதனால் என் ஓட்டு காட்ஃப்ரேக்கே; எந்த ஆண்டுத் தாளை வாங்குவது என்று முடிவு செய்ய மட்டும் நூலகத் தளம் போதும்.

ஒன்று, பின்பக்கப் பட்டியலில் எல்லாத் தெருவும் வராது. இடம் இருக்கிற அளவுக்குச் சில தெருக்களைத்தான் எடுத்துப் போட்டிருப்பார்கள்; உங்கள் தெரு விடுபட்டிருக்கலாம்.